பாரலாச்சா கணவாய் வழியில் எங்களைக் காப்பாற்றியவர்களுக்கு

ஜார்க்கண்ட் அண்ணன்மார்களுக்கும், சர்ச்சு என்கிற இடத்தில் கூடாரக் கடை வைத்திருக்கும் அக்காவுக்கும், ராணுவ முகாமில் ஆக்சிஜன் வைத்த தம்பிக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். எனக்கு இந்தியில் எழுத வராது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாராவது இமயமலையில் மணாலி - லே சாலையில் போனால், எங்கள் நன்றியை அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

ஜூலையில், டெல்லியில் இருக்கும் என் தம்பியின் காரில், சொந்தக் கூடாரத்தோடு கிளம்பினோம். 2020-இல் திறந்த அடல் சுரங்கம் 9.02 கி.மீ. நீளம். ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் நேரம் மிச்சம். அந்த வேகத்தில் புத்தி மழுங்கிவிட்டது. 3,200 மீட்டர் உயரத்தில், பாகா நதிக்கரையில் இருக்கும் ஜிஸ்பாவில் ஒன்றிரண்டு ராத்திரி தங்கி, காற்று குறைந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்கியிருக்க வேண்டும். நாங்கள் ஒரே நாளில் 4,300 மீட்டருக்கு, சர்ச்சுவுக்குப் போய்விட்டோம்.

போகிற வழியிலேயே, ஜிங்ஜிங் பார் என்கிற இடத்தைத் தாண்டி ஒரு நாலா, அதாவது மலை ஓடை. பனி உருகி மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்று தெரியாமல், மூன்று மணிக்கு வண்டியை இறக்கினோம். நடு ஓடையில் முன்சக்கரம் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அண்ணன்மார்களே, சாலை வேலையைப் போட்டுவிட்டு ஆறு பேர் ஓடி வந்தீர்கள். கை வைத்தால் மரத்துப்போகிற தண்ணீர் அது. அதில் குனிந்து ஒவ்வொரு கல்லாகத் தடவி எடுத்து, சக்கரத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினீர்கள். ஓர் அண்ணனின் ரப்பர் பூட்ஸில் கிழிசல். உள்ளே பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. ஊர் எது என்று கேட்டதற்கு "தும்கா" என்றார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. கடைசியில் எங்கள் முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

அன்று ராத்திரி கூடாரத்தில் என் கணவருக்குத் தலைவலி, வாந்தி. எழுந்து நேராக நடக்க முடியவில்லை. அக்கா, நீங்கள் டார்ச்சோடு வந்து அவர் முகத்தைப் பார்த்தீர்கள். பார்த்ததுமே கையைக் கீழே காட்டி "நீச்சே, நீச்சே" என்றீர்கள். ராணுவ முகாமுக்கு எங்களைக் கூட்டிப் போனதும் நீங்கள்தான். அங்கே விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 66 சதவீதம் என்று காட்டியது. முகாம் தம்பி, விடியும்வரை நீங்கள் உட்காரவே இல்லை. சிலிண்டர் பக்கத்திலேயே நின்றீர்கள். வெளிச்சம் வந்ததும் பாரலாச்சா கணவாயைத் திரும்பக் கடந்து ஜிஸ்பாவுக்கு இறங்கினோம். மத்தியானத்துக்குள் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். இப்போது நன்றாக இருக்கிறார்.

இறங்கும்போது அதே நாலாவைக் கடந்தோம். காலையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். நீங்கள் அடுக்கிய கற்கள் அப்படியே தெரிந்தன. வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் இன்னும் வேலைக்கு வந்திருக்கவில்லை.

அடுத்த ஜூலையில் மறுபடி வருகிறோம். ஆறு ஜோடி ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறோம். அக்காவுக்கு எங்கள் ஊர்ப் போர்வை.