அக்காவின் பெருவிரல்

ஒட்டுசுட்டான்
2025 ஆவணி

அன்பின் மச்சானுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் சுகம். கட்டையன் இன்னும் அதே சைக்கிளில்தான் திரிகிறான், பெல் இல்லாமல்.

அக்காவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2009 இல் முழங்காலுக்குக் கீழே போன அந்தக் கால் இரவில் எரிகிறது என்பாள். பதினாறு வருடங்களாக நாங்கள் சொன்னது ஒன்றுதான்: "அது மனப்பிரமை, படுத்துத் தூங்கு." நீயும் சொல்லியிருக்கிறாய்.

போன கிழமை முற்றத்தில் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள், விரல் எரிகிறதென்று தேங்காய் எண்ணெய் தடவினாள். தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. உயர்தர வகுப்புக்காக நரம்புப் பாடத்தை அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். நரம்பின் சுவரில் அயன் கால்வாய்கள் உண்டு, மின்னேற்றம் உள்ள துகள்கள் போய்வரும் சின்ன வாசல்கள். ஏறக்குறைய 43 பாகை செல்சியஸ் சூட்டில் திறக்க வேண்டிய அப்படியொரு கால்வாயை, மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. 1997 இல் அந்தக் கால்வாயை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியசுக்கு 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது. நெருப்பு இல்லை, ஆனாலும் எரிவு பொய்யில்லை. அப்படியானால் அக்காவின் கால்?

அறுந்த நரம்பின் நுனி முடிச்சாகத் திரண்டுவிடும். சோடியம் கால்வாய்கள் அங்கே குவிந்து, யாரும் தொடாமலே நரம்பு துடிக்கும். முள்ளந்தண்டுக்கும் மூளைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் மூளையின் கணக்கில் அந்த நரம்பு இன்னமும் பாதத்தின் நரம்புதான், மச்சான்!

பல் பிடுங்கப் போடும் விறைப்பு ஊசி, லிடோகேயின், நரம்புக்குள் நுழைந்து அந்தச் சோடியம் கால்வாய்களை உள்ளிருந்து அடைக்கிறது. ஆனால் அது தொடுகை, அசைவு, இதயம் என்று எதையும் பிரித்துப் பார்க்காது. உடல் முழுக்கக் கொடுத்தால் ஆபத்து. சுசெட்ரிஜின் என்ற புதிய மாத்திரையோ, வலி கடத்தும் புற நரம்புகளில் மிகுந்திருக்கும் நேவ் 1.8 என்ற ஒரு வகைச் சோடியம் கால்வாயை மட்டும் குறிவைக்கிறது. மூளையில் வேலை செய்யாததால் மோர்பினைப் போல அடிமைப்படுத்தும் என்ற பயமும் குறைவு. 2025 ஜனவரி 30 இல் அமெரிக்கா அனுமதித்தது.

உடனே பார்சல் கட்டிவிடாதே! அந்த அனுமதி திடீர் வலிக்கு, அதுவும் பெரியவர்களுக்கு மட்டும். வருடக்கணக்கான நரம்பு வலிக்கு இல்லை.

என் கவலை வேறு. கிளினிக்கில் கொடுத்த கபாபென்டினை, சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வலிக்கிற இரவில் மட்டும் விழுங்கியிருக்கிறாள். அது வலிக்கும்போது மட்டும் போடுகிற பனடோல் மாதிரி இல்லை. கல்சியம் கால்வாயின் ஒரு துணைப் பகுதியைப் பிடித்து, வலிச் செய்தி ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குக் கைமாறுவதைக் குறைக்கிற மருந்து. சொன்ன அளவில் ஒழுங்காக எடுக்க வேண்டும், நினைத்தவுடன் நிறுத்தவும் கூடாது. செவ்வாய்க்கிழமை நானே கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன்.

இதையெல்லாம் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மாவுக்கும் ஒருமுறை சொல்லிவிடு" என்றாள்.

மார்கழியில் வருவாய்தானே? எங்கே எரிகிறது என்று நீயும் அவளிடம் கேள். பெருவிரலிலாம், நகத்துக்குக் கீழே. நான் இதுவரை கேட்டதே இல்லை.

அன்புடன்,
உன் மச்சான்