மேட்ரிக்ஸ் படத்துக்கு மதிப்பெண் போடும் ரசிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

1999-இல் வந்த படம், இன்னும் சண்டை ஓயவில்லை. இயந்திரங்கள் மனிதர்களைக் கூட்டுக்குள் படுக்கவைத்து, கணினிக்குள் ஓடும் ஒரு பொய் உலகத்தை நிஜம் என்று நம்பவைத்திருக்கும் கதை அது. படத்துக்குள்ளே நடக்கும் சண்டையைச் சொல்லவில்லை, அதை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளும் சண்டையைச் சொல்கிறேன். பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டு வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறவர் ஒரு பக்கம், பத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டு இதற்கா இவ்வளவு பில்டப் என்று கேட்பவர் இன்னொரு பக்கம். இரண்டு தரப்பையும் விடாமல் படித்துவருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் நீங்கள் எல்லோரும் படத்தின் நடுவில் ஒரு கோட்டைப் போட்டு, இந்தப் பக்கம் தத்துவம், அந்தப் பக்கம் அடிதடி என்று பாகப்பிரிவினை செய்துவிடுகிறீர்கள். அப்புறம் உங்களுக்கு எந்தப் பாகம் பிடிக்குமோ அதற்கு மட்டும் மார்க் போடுகிறீர்கள்.

நாம் வாழும் உலகம் நிஜமா என்று கேட்ட படம் கடைசியில் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறார் ஒருவர். நாயகனுக்கு வழிகாட்டும் மார்ஃபியஸ் உபதேசம் செய்யும் இடமெல்லாம் தூக்கம் வருகிறது, சண்டை மட்டும் பிரமாதம் என்கிறார் அடுத்தவர். நீங்கள் இருவரும் எதிரெதிர் கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரே கட்சியாகத்தான் தெரிகிறது. இந்தப் படத்தில் தத்துவத்தைப் பேசுவதே சண்டைதான், வசனம் அதற்கு முன்னுரை மட்டும் எழுதுகிறது.

முதல் பயிற்சிச் சண்டையை எடுத்துக்கொள்வோம். நாயகன் நியோவின் மூளைக்குள் தற்காப்புக் கலைகளை வரிசையாக ஏற்றியாகிவிட்டது. கண்ணைத் திறந்ததும் குங்ஃபூ தெரியும் என்கிறான், எங்கே காட்டு பார்க்கலாம் என்கிறார் மார்ஃபியஸ். வித்தை அத்தனையும் கைவசம் இருக்கிறது, ஆனாலும் அடிமேல் அடி வாங்குகிறான். மூச்சிரைக்க நிற்பவனிடம் மார்ஃபியஸ் கேட்பதைக் கவனியுங்கள்: இந்த இடத்தில் நான் உன்னைவிட வேகமாக இருப்பதற்கு என் தசைகளா காரணம், நீ இப்போது சுவாசிப்பது காற்று என்றா நினைக்கிறாய்? நியோ வாயால் எந்தப் பதிலும் சொல்வதில்லை. அடுத்த சுற்றில் அவன் கைகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போகின்றன, மார்ஃபியஸின் முகத்துக்கு நேரே முஷ்டி வந்து நிற்கிறது. பதில் அதுதான். அதற்கு முன்பு அந்த அறையில் அவனுக்கு மூச்சு வாங்கியதே, அதுகூட அவன் பழக்கதோஷத்தில் செய்துகொண்டிருந்த காரியம். இதை ஒரு பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், அதன்பிறகும் நமக்கு உறைத்திருக்காது.

அடுத்து மாடிக்கு மாடி தாவும் பயிற்சி. தெரிந்துகொண்டாயிற்றே, தாவிவிடுவான் என்று நாம் நினைக்கிறோம், விழுகிறான். எழுந்து பார்த்தால் வாயில் ரத்தம், நிஜ உடம்பில். தெரிவது வேறு, அதை உடம்பு நம்புவது வேறு என்ற அந்த ஒரு விஷயத்தைத்தான் மீதிப் படம் முழுக்க ஒவ்வொரு அடிதடியும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போகிறது. மொட்டைமாடியில் தோட்டாக்களுக்கு வளைந்து கொடுக்கிறானே, உலகம் முழுக்க மிமிக்ரி செய்யப்பட்ட அந்த இடம், அதில் அவன் ஜெயிக்கவில்லை என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தோட்டா உரசிக் கீழே விழுந்து கிடக்கிறான், சகா டிரினிட்டி வந்து, அந்தப் பொய் உலகத்துக்குக் காவல் நிற்கும் நிரலான ஏஜென்டின் தலையில் துப்பாக்கியை வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பாதி நம்பியவனுக்குப் பாதிதான் பலித்தது. சுரங்க ரயில் நிலையத்தில் ஓடாமல் திரும்பி நிற்கிறான், ஏஜென்ட் ஸ்மித்தை வெல்கிறான், ரயில் ஸ்மித்மேல் மோதுகிறது, நின்ற அதே ரயிலிலிருந்து ஸ்மித் மறுபடியும் இறங்கிவருகிறான். நியோ என்ன செய்கிறான்? ஓடுகிறான். முக்கால் வாசி வந்தாயிற்று, முழுசாக வரவில்லை.

முழுசாக வந்தபிறகு நடப்பதைப் பாருங்கள். தாழ்வாரத்தில் தோட்டாக்களை நிறுத்திவிட்டு, ஓடிவந்து அடிக்கும் ஸ்மித்தை ஒற்றைக் கையால் தடுக்கிறான், பார்வை வேறெங்கோ இருக்கிறது. படத்திலேயே சப்பென்று இருக்கும் சண்டை அதுதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சண்டை போடத் தேவையில்லாதவன் போடும் சண்டை அப்படித்தான் இருக்கும். அது நடப்பது எந்த இடத்தில் தெரியுமா, படம் தொடங்கும்போது டிரினிட்டியைப் போலீஸ் சுற்றிவளைத்ததே, அதே பாழடைந்த ஓட்டலில், அதே 303-ஆம் எண் அறை வாசலில்.

இத்தனையும் நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் படம் எடுத்த விதம். ஹாங்காங் குங்ஃபூ படங்களில் பழம் தின்று கொட்டை போட்ட யூயன் வூ-பிங்கைச் சண்டை அமைக்கக் கொண்டுவந்தார்கள். நடிகர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும் என்றார் அவர், சுமார் 4 மாதம் நடந்தது. நியோவாக நடித்த கியானு ரீவ்ஸ் அப்போதுதான் கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார், அதனால்தான் உதையைவிடக் குத்து அதிகம். டூப் போட்டு முதுகை மட்டும் காட்டி, நொடிக்கு மூன்று வெட்டு வெட்டி ஒப்பேற்றியிருந்தால் சண்டை கிடைத்திருக்கும், ஆனால் அடி வாங்கும் ஒருவனுடைய முகத்தில் சந்தேகம் போய் நம்பிக்கை வருவது கிடைத்திருக்காது. கேமரா தள்ளி நின்று, நடிகரின் முழு உடம்பையும் முகத்தையும் ஒரே ஷாட்டில் வைத்திருப்பதால்தான் அது நடக்கிறது. எடிட்டிங், ஒலி, ஒலி விளைவுகளுக்கான எடிட்டிங், காட்சி விளைவுகள் என்று 4 ஆஸ்கர் வாங்கியதை எல்லோரும் சொல்கிறீர்கள். இவற்றில் ஒன்றுகூட கதைக்கோ நடிப்புக்கோ இல்லை, ஆகவே வெறும் டெக்னிக்கல் படம் என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. கதை இருந்த இடமே அதுதானே.

இப்போது கிராபிக்ஸ் பழசாகிவிட்டது என்று மார்க் குறைக்கும் கட்சிக்கு வருகிறேன். அந்த தோட்டா காட்சியில் சுமார் 120 ஸ்டில் கேமராக்களை நடிகரைச் சுற்றி வளைவாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கி, இடையில் விட்டுப்போனதைக் கணினியால் நிரப்பினார்கள். காட்சி விளைவுகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் கேட்டா தலைமையில் நடந்த வேலை அது. இதே மாதிரியான உத்தி விளம்பரங்களிலும் பாட்டு வீடியோக்களிலும் ஏற்கெனவே வந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், நேரம் நின்றுபோய் நம் பார்வை மட்டும் சுற்றிவருவது கணக்கால் ஆன ஓர் உலகத்தில்தான் முடியும். அந்தக் காட்சியின் பின்னணிக் கட்டடங்கள்கூட புகைப்படங்களை வைத்துக் கணினிக்குள் கட்டப்பட்டவை. அதாவது மனிதன் நிஜம், அவனைச் சுற்றியுள்ள ஊர் பொய். படத்தின் ஒருவரிக் கதையே அதுதான்! பின்னால் வந்த எத்தனையோ படங்கள் இதைக் காப்பியடித்தன, அவற்றில் இது வெறும் ஷோக்காக நின்றதற்குக் காரணம் அந்தக் கதைகளில் நேரம் நிற்பதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை என்பதே.

பேட்டரி கட்சிக்கு ஒரு வார்த்தை. மனித உடம்பிலிருந்து இயந்திரங்கள் மின்சாரம் எடுப்பது இயற்பியல்படி செல்லாது என்கிறீர்கள். உண்மை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய உடம்பு தரும் வெப்பம் சுமார் 100 வாட், அதற்கு அவர் சாப்பிடும் உணவில் அந்த அளவாவது சக்தி இருந்தாக வேண்டும், ஆக இயந்திரங்களுக்கு லாபம் சுத்த பூஜ்யம். போதாக்குறைக்கு மார்ஃபியஸே அதே மூச்சில் அணுக்கரு இணைவும் சேர்ந்திருக்கிறது என்கிறார். அணுக்கரு இணைவு கையில் இருப்பவன் எதற்கு மனிதனை வளர்க்க வேண்டும்? சரி, ஓட்டைதான். ஆனால் அந்த ஓட்டையை வைத்து இரண்டு நட்சத்திரம் குறைப்பவர்கள் அதைவிடப் பெரிய ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். கட்டட முகப்பு அறையில் தூண்கள் சிதற நடக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டில் சாகிறவர்கள் யார்? ஏஜென்ட்கள் இல்லை, உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் மனிதர்கள், எங்கேயோ ஒரு கூட்டுக்குள் நிஜ உடம்பு படுத்திருக்கும் ஆட்கள். விடுதலை ஆகாதவரை அவர்களும் எதிரிகள்தான் என்று மார்ஃபியஸ் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு விசிலடிக்கிறோம். கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. வாட் கணக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சகாக்களைக் காட்டிக்கொடுக்கும் சைஃபரை மன்னிப்பவர்கள் பெருகிவருவதையும் பார்க்கிறேன். பொய் என்று தெரிந்தே இறைச்சித் துண்டை ரசித்துச் சாப்பிடுகிறான், அவன் செய்ததில் என்ன தப்பு, நாமும் அதைத்தான் செய்வோம் என்கிறீர்கள். அவன் ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவன் கொல்லும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நிஜ உலகத்தில், கப்பலில் அசையாமல் படுத்திருக்கும் சகாக்களின் கழுத்துப் பின்னாலிருந்து செருகியைப் பிடுங்குகிறான், உள்ளே நின்றிருந்தவர்கள் அப்படியே சரிகிறார்கள். சண்டையே இல்லாத சாவு. இவ்வளவு அடிதடி உள்ள படத்தில் மிகவும் கோரமான கட்டத்தை ஒரு குத்துகூட இல்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்றால் அது தற்செயலாக நடந்ததல்ல.

எல்லாம் நம்ம மாயைதானே, இதில் புதுசு என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். மூன்றாம் பாகத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது உபநிடத வரிகள் பாடப்படுகின்றன, ராமா கந்த்ரா, கமலா, சதி என்று பாத்திரங்களே வருகின்றன, ஆகவே படத்தை எடுத்த லானா, லில்லி வாச்சோவ்ஸ்கிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது நிச்சயம். ஆனாலும் மாயை விலகினால் மிஞ்சுவது பிரம்மம் என்பார்கள், இங்கே மிஞ்சுவது முதுகெல்லாம் குழாய் செருகிய உடம்பும் சுவையில்லாத கஞ்சியும். நிஜத்தைப் பார்க்க நியோ விழுங்கும் சிவப்பு மாத்திரையைத் தங்கள் அரசியலுக்குப் பட்டயமாக மாட்டிக்கொண்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எடுத்த இருவரும் திருநங்கைகள். பாலின மாற்றத்தின் உருவகம் தொடக்கத்திலிருந்தே மனதில் இருந்தது என்று லில்லி வாச்சோவ்ஸ்கி 2020-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதைப் படித்துவிட்டு மாத்திரையை விழுங்குங்கள்.

இனி அடுத்தடுத்த பாகங்கள். 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நூறு ஸ்மித்களோடு நியோ மோதும் சண்டையைத் திட்டுகிறவர்கள், கணினி பொம்மை முகம் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று காரணம் சொல்கிறீர்கள். ரப்பர்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் தத்ரூபமாக இருந்திருந்தாலும் அந்தச் சண்டை நின்றிருக்காது. பறக்கத் தெரிந்தவன் எதற்கு நின்று அடித்துக்கொண்டிருக்கிறான்? கடைசியில் பறந்தே போய்விடுகிறான், அதை முதல் நிமிடத்திலேயே செய்திருக்கலாம். அவன் அங்கே எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எதையும் இழக்கவும் இல்லை. அதே படத்தில் நெடுஞ்சாலைத் துரத்தல் மட்டும் ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது? கலிஃபோர்னியாவில் மூடிக்கிடந்த கடற்படை விமானத் தளத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டருக்குச் சாலையையே போட்டு எடுத்தார்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கடைசியில் பறந்துவரும்வரை அதில் நியோ இல்லை. மார்ஃபியஸும் டிரினிட்டியும் விழுந்தால் சாவார்கள், அந்த விதி அவர்களுக்கு இன்னும் செல்லும்.

2021-இல் லானா மட்டும் தனியாக எடுத்த நான்காம் பாகத்துக்கு ஒன்று போட்டவர்களே, உங்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. யூயன் வூ-பிங் இல்லை, கேமரா கிட்டே போய் வெட்டி வெட்டிக் காட்டுகிறது, நியோ பெரும்பாலும் கையை நீட்டித் தள்ளுவதோடு சரி. ஆனால் உங்கள் மதிப்புரைகளில் இதெல்லாம் இல்லை. ஏமாற்றம், பணம் பறிப்பு, பழைய நினைவைக் கெடுத்துவிட்டார்கள் என்ற புலம்பல்தான் இருக்கிறது. பணத்துக்காகத் தொடர்ச்சி எடுக்கச் சொல்லி நெருக்குவதைப் படமே முதல் அரை மணி நேரத்தில் கிண்டலடித்துவிட்டது, நீங்கள் அதையே திருப்பிச் சொன்னால் எப்படி?

ஆகவே என் கோரிக்கை சின்னது. அடுத்த முறை நான்கில் எந்தப் பாகத்துக்கு மார்க் போட்டாலும், ஒரே ஒரு சண்டைக் காட்சியை எடுத்துக்கொண்டு, அது தொடங்கும்போது தெரியாத எது முடியும்போது அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது என்று நாலு வரி எழுதுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் தாராளமாகப் பூஜ்யம் போடுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன்.

இப்படிக்கு,
சண்டைக் காட்சியை ஓட்டிவிட்டுப் பார்க்காத ஒரு ரசிகன்