சேலத்துச் சூனியக்காரி எழுதுவது

அஸ்தம்பட்டி, சேலம்
20.10.2024

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. தபால்காரர் வெறுமனே போட்டுவிட்டுப் போகாமல், "இப்பவும் கையால எழுதறவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டு, கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ரிட்டயர் ஆகியும் உன் எழுத்து இன்னும் கரும்பலகை எழுத்தாகவே இருக்கிறது. கோடு போடாத தாளில் எப்படியடி இவ்வளவு நேராக எழுதுகிறாய்?

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தீபாவளி தாண்டினால்தான் அதையும் உறுதியாகச் சொல்ல முடியும். எனக்கு இடது முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஒன்பது மாதமாகிவிட்டது. அதிலிருந்துதான் இந்த வம்பே ஆரம்பம்.

என் மகள் போனில் உன்னிடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நீயும், "ஏண்டி ராஜி, கெமிஸ்ட்ரி படிச்சுட்டு, முப்பத்திரண்டு வருஷம் பேங்க்ல கணக்குப் பார்த்துட்டு, இந்த வயசுல பேயும் சூனியக்காரியும் காதலிக்கற கதை கேக்குதா உனக்கு?" என்று எழுதிவிட்டாய். அதோடு விட்டாயா? நிஜமாகவே தூக்கில் போட்ட பெண்களை வைத்துக் காதல் கதை பண்ணுவது அடுக்குமா என்று சரித்திர டீச்சர் பாணியில் இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. முதலாவதுக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், கேட்கிறது.

ஆபரேஷன் முடிந்து படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் மருமகள் தன்னுடைய பழைய கிண்டிலை, அதுதான் திரையில் புத்தகம் படிக்கிற அந்தப் பலகையை, கொடுத்தாள். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். அதில் அவள் வாங்கி வைத்திருந்ததெல்லாம் இந்த ரகம்தான். அட்டையில் நிலா, துடைப்பம், ஒரு கறுப்புப் பூனை, கூர்த்தொப்பி போட்ட பெண், பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு பையன். சரி, தூக்கம் வரும்வரை ரெண்டு பக்கம் என்று ஆரம்பித்தேன். விடிய நாலு மணிக்கு இவர் எழுந்து "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

பெரிய எழுத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, கேள். ஜூலையில் கோயம்புத்தூர் போனேனே, அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் வருகிற மாதிரி வைத்திருந்தேன். கதையில் ரத்தக் காட்டேரிப் பையன் அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தி முத்தம் கொடுக்கப் போகிறான். நான் பக்கத்தைத் திருப்பினேன். அதே நேரம் ரயில் ஈரோட்டில் நின்றது. கண்ணாடியைத் துடைப்பதற்காகக் கிண்டிலை மடியில் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், நெற்றி நிறைய விபூதி, என் அப்பா வயசு இருக்கும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்புறம் என்னாச்சும்மா?" என்றார். சேலத்திலிருந்து கூடவே படித்துக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "காட்டேரிங்கறாங்க, ஆனா பையன் நல்ல பையனாத் தெரியறானே" என்று ஒரு சான்றிதழ் வேறு. திருப்பூர் வரை ரெண்டு பேரும் சேர்ந்தே படித்தோம்.

அந்தக் கதை சார்லைன் ஹாரிஸ் எழுதிய வரிசை. முதல் புத்தகம் 2001-ல் வந்தது, மொத்தம் 13. லூசியானாவில் ஒரு சின்ன ஊர். மதுக்கடையில் பரிமாறுகிற பெண்ணுக்கு அடுத்தவர் மனசில் ஓடுவதெல்லாம் காதில் விழும். வரம் என்று நினைக்காதே, சாபம். எவனோடு வெளியே போனாலும் அவன் உள்ளுக்குள் நினைக்கிற அசிங்கமெல்லாம் கேட்டுவிடும். ஜப்பான்காரன் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால் காட்டேரிகளெல்லாம் "நாங்களும் இருக்கிறோம்" என்று பகிரங்கமாக வெளியே வந்துவிட்ட காலம். அப்படி ஒருத்தன் கடைக்கு வந்து உட்காருகிறான். அவன் மனசு மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. நிசப்தம். அதற்காகத்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. அழகு அப்புறம்தான். கமலா, கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆனவள் சொல்கிறேன், இதைவிடச் சரியான காரணத்தை எந்தப் பெரிய இலக்கியத்திலும் நான் படித்ததில்லை.

எல்லாம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். பத்தில் ஆறு வெறும் அரைத்த மாவு. அதே சின்ன ஊர், அதே மூலிகைக் கடை, எந்நேரமும் இலை உதிர்ந்துகொண்டே இருக்கும் அதே அக்டோபர் மாதம். ஹாலோவீன் என்கிற அவர்களுடைய பேய்ப் பண்டிகைக்கு முன்னால் விற்க வேண்டுமே, அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். நமக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி அவர்களுக்கு இது. (இந்த வருஷம் அவர்கள் ஹாலோவீனும் நம்ம தீபாவளியும் ஒரே நாள், 31-ம் தேதி. அங்கே பேயை வரவேற்பார்கள், இங்கே நாம் வெடி வைத்து விரட்டுவோம்.) கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் காதல் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று அவர்கள் இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள். நம்ம மோகினிக்கு இந்தக் கொடுப்பினை உண்டா? மல்லிகைப்பூ வாசனையோடு வருவாள், பாவம், கடைசிப் பக்கத்தில் புளியமரத்தில் ஆணியடித்து இறக்கிவிடுவார்கள்.

நாயகன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை. டெபோரா ஹார்க்னஸ் என்று ஒருவர், அறிவியல் வரலாற்றுப் பேராசிரியை, 2011-ல் ஒரு நாவல் எழுதினார். மாப்பிள்ளைக்கு வயசு 1500. அத்தனை வயசுக்கு எந்தத் திசையைக் கணக்குப் போட்டு ஜாதகம் பொருத்துவது? ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் காட்டேரி, சூனியக்காரி எல்லாரும் ஒன்றாக யோகா வகுப்புக்கு வருகிற ஒரு காட்சி இருக்கிறது, சிரித்து மாளவில்லை. ஆனால் உனக்குப் பிடிக்கிற விஷயம் வேறு. கதை தொடங்குவதே ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் அவள் ஒரு பழைய ரசவாதச் சுவடியைக் கேட்டு வாங்குவதில்தான். ஆஷ்மோல் 782 என்று அதற்கு எண். அந்த எண் கற்பனை இல்லை. நிஜமாகவே அந்த நூலகத்தின் பட்டியலில் இருக்கிறது, சுவடியைத்தான் காணோம். காணாமல் போன ஒரு சுவடிக்கு அந்த அம்மாள் ஒரு கதை கட்டிக் கொடுத்துவிட்டார். ஆவணக் காப்பகத்தில் தூசி தின்ற உனக்கு இது புரியும்.

ஆனால் கமலா, நான் இதையெல்லாம் படிப்பது மாப்பிள்ளைகளுக்காக இல்லை. அத்தைகளுக்காக. இந்தக் கதைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பழைய வீடு இருக்கும். அதில் ரெண்டு கிழட்டு அத்தைகள் இருப்பார்கள். கல்யாணம் ஆகியிருக்காது, அல்லது ஆகி முடிந்திருக்கும். அடுக்களை நிறைய வேரும் இலையும் பாட்டிலும். யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆலிஸ் ஹாஃப்மன் 1995-ல் எழுதியதில் அந்த அத்தைகள் தெருவில் வந்தால் ஊரே எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அதே ஊர்ப் பெண்கள் இருட்டினதும் கொல்லைப்பக்கமாக வந்து, என் புருஷனைத் திருப்பிக் கொண்டு வா என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். வீட்டில் வளரும் ரெண்டு சின்னப் பெண்கள் மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள்.

அந்த இடத்தில் நான் கிண்டிலை மூடி வைத்துவிட்டேன். என் அம்மா ஊரில் தெருக்கோடி வீட்டுப் பாட்டியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? தனியாக இருப்பார். பகலில் எங்களை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார்கள், "கண்ணு பட்டுடும்". எனக்கு ஏழு வயசில் மஞ்சள் காமாலை வந்தபோது, விளக்கு வைத்ததற்கு அப்புறம் அம்மா என்னை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத்தான் தட்டினாள். பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. அம்மியில் கீழாநெல்லி அரைக்கிற சத்தமும் மோர் வாசனையும் இன்னும் நினைவிருக்கிறது. என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உருண்டையை உள்ளங்கையில் வைத்தார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. மூன்று நாள் போனோம். நான்காம் நாள் பகலில் அந்தப் பாட்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா நல்லவள்தான். ஆனாலும் சாத்தினாள்.

அதனால்தான் உன் இரண்டாவது கேள்வி குத்தியது. நம்ம ஊர்ப் பேரிலேயே அங்கே ஒரு ஊர், மாசசூசெட்ஸில். அவர்கள் சேலத்துக்கு எபிரேயத்தில் அமைதி என்று அர்த்தமாம். நம்ம சேலத்துக்குச் சைலம், சேரலம் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அமைதி என்று பேர் வைத்த ஊரில் 1692-ல் சூனியம் வைத்தார்களென்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் ஐந்து பேர் ஆண்கள். எண்பது வயசை ஒட்டிய ஒரு கிழவர், வழக்கை ஏற்றுப் பதில் சொல்ல மறுத்தாரென்று, மேலே கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். நாம் நினைக்கிற மாதிரி அங்கே யாரையும் எரிக்கவில்லை. இன்றைக்கு அந்த ஊர்ப் போலீஸ் வண்டியில் துடைப்பத்தில் பறக்கிற சூனியக்காரிதான் சின்னம். ஒரு டிவி சீரியல் மந்திரக்காரிக்குச் சிலை வேறு. தண்டனை விதித்து, தூக்கில் போடாமல் விட்ட ஒரு பெண்ணின் பேரில் இருந்த பழி 2022-ல்தான் சட்டப்படி நீங்கியது. அதற்கு மனுப்போட்டு அலைந்தது யார் தெரியுமா? ஒரு டீச்சரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும். உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அது பழைய கதை என்றாவது தள்ளலாம். நம்ம நாட்டில் பெண்களைச் சூனியக்காரி என்று கொடுமைப்படுத்துவதைத் தடுக்க பீகார் 1999-ல் சட்டம் போட்டது, ஜார்க்கண்ட் 2001-ல். அசாமில் பிருபாலா ராபா என்ற அம்மாள் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் காப்பாற்றுவதற்காகவே வாழ்ந்தார். 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த மே மாதம்தான் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரியும் நான் வழக்கம்போல ஒரு சூனியக்காரிக் காதல் கதைதான் படித்தேன். குற்றவுணர்ச்சி இருந்ததா என்றால், இருந்தது. நிறுத்தினேனா என்றால், இல்லை. அந்தக் கொல்லைக் கதவு பகலிலும் திறந்திருக்கிற ஒரே இடம் எனக்கு இந்த அசட்டுப் புத்தகங்கள்தான். இது போதுமான பதில் இல்லை என்று நீ சிவப்பு மையில் எழுதினால் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீ படிப்பதென்றால் சங்கு மந்தன்னாவில் ஆரம்பி. இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் இருக்கிறவர். 2022-ல் வந்த அவருடைய கதையின் நாயகியும் இந்தியாவில் பிறந்து, அனாதையாகி, அங்கே போய் வளர்ந்தவள். மூன்று குட்டிச் சூனியக்காரிகளுக்குப் பாடம் நடத்த ஒரு கடலோர வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஒரு சிடுமூஞ்சி லைப்ரேரியன். மீதியை நீயே ஊகித்துவிடுவாய், அதிலொன்றும் புதுசு இல்லை. எனக்குப் பிடித்தது அந்தச் சூனியக்காரிகளின் சட்டம்: ஊர் கண்ணில் படாமல் இருக்க எல்லாரும் தனித்தனியாகவே வாழ வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ரகசியமாகக் கூடலாம். பாவம் என்று உச்சுக் கொட்டினேன். அப்புறம் கணக்குப் போட்டேன். உன் பையன் கல்யாணத்தில் பார்த்தது, ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் தேவலாம்.

நவம்பர் 16 சனிக்கிழமை. நீ திருச்சியிலிருந்து பஸ் ஏறு, நான் இங்கிருந்து ஏறுகிறேன். நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலில் பார்ப்போம். சூனியக்காரிகள் கூட்டம் போட அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு கிடையாது. பதினொரு மணிக்கு வந்துவிடு. கிண்டிலைக் கொண்டு வருகிறேன். எழுத்தைச் சின்னதாக்கி வைக்கிறேன், கவலைப்படாதே.

அன்புடன்,
ராஜி