கம்பெனிக்கு வழி இருக்கிறது, பிரஸ்காரருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய கம்பெனிகள் திவாலாவதைப் பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் விலாவாரியாகவே எழுதுகிறீர்கள். யார் வாங்க வந்தார்கள், வங்கிகள் எவ்வளவு தள்ளுபடி செய்தன என்பதெல்லாம் வருகிறது. நான் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணிப் பக்கம் உள்ள சின்ன பிரஸ்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அந்தச் செய்தியை மடித்து எடுத்துவந்து, "சார், நாமளும் இதே மாதிரி ஐ.பி. கொடுத்துட முடியாதா?" என்று திவால் மனுவைப் பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. அதற்கான பதிலைத் தங்கள் பத்திரிகை எழுதினால் நன்றாக இருக்கும்.

2016-இல் வந்த திவால் சட்டம் எல்லாருக்குமானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கம்பெனிகளுக்கும், எல்.எல்.பி. என்கிற வரையறுத்த பொறுப்புக் கூட்டு நிறுவனங்களுக்கும் உரிய பகுதி அமலில் இருக்கிறது. ராஜாஜி சாலையில் அதற்கான தீர்ப்பாயமும் நடக்கிறது. தனிநபருக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் உரிய மூன்றாம் பகுதியில், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களைப் பற்றிய துண்டு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. வங்கிக்கு எது உதவுமோ அதை முதலில் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். மற்றதெல்லாம் ஏட்டிலேயே கிடக்கிறது. சிறுதொழில்களுக்கென்று 2021-இல் கொண்டுவந்த, கடன் கொடுத்தவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போகும் 'ப்ரீ பேக்' முறையும் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்தவர்களுக்குத்தான். எங்கள் பக்கத்தில் முதலாளி, கடன்காரர், மிஷின் ஓட்டுகிறவர் மூவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

அப்படியானால் சென்னைக்காரருக்கு மிஞ்சுவது எது? கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்றுக்குமாக வெள்ளைக்காரர்கள் 1909-இல் போட்ட சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். திவாலானவர் என்று உத்தரவு வந்துவிட்டால் சொத்து 'அஃபிஷியல் அசைனி' என்கிற நீதிமன்ற அதிகாரி கைக்குப் போகும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர் தனியாக வழக்குப் போட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டை அடமானம் வைத்திருந்தால் அந்த வீட்டின் மேல் வங்கிக்குள்ள பிடி அப்படியே இருக்கும். தொழில் கருவி, துணிமணி, பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்குத்தான் கைவைக்காமல் விடுவார்கள். அந்தக் காசுக்கு ஆஃப்செட் மிஷினுக்கு ஒரு ரப்பர் பிளாங்கெட்கூட வராது. திவாலானவர் அதைச் சொல்லாமல் ஒருவரிடம் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். டீக்கடைக் கணக்கு ஒரு வாரத்தில் இதைத் தாண்டிவிடும்.

ஐ.பி. என்றாலே சொத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு ஊரை ஏமாற்றுவது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் உத்தரவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை அந்தப் பழைய சட்டமே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஏமாற்றுகிறவனைப் பிடிக்க வழி வைத்தவர்கள், நொடித்துப்போனவன் எழுந்து நிற்க என்ன வைத்தார்கள் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

2016 சட்டத்தில் ஏழைக் கடன்காரருக்குப் 'புதுத் தொடக்கம்' என்று ஒரு பிரிவு எழுதியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடும் இருக்கக் கூடாது. மாதம் 5,000 ரூபாயில் சென்னையில் யார் குடித்தனம் நடத்துகிறார்கள்? இந்தத் தொகைகளை மாற்றாமல் நாளைக்கே அமலுக்குக் கொண்டுவந்தாலும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

எனக்குத் தெரிந்த பிரஸ்காரர் ஒருவர் ஒரு கம்பெனிக்கு டைரியும் காலண்டரும் அடித்துக் கொடுத்தார். பொங்கல் தாண்டியும் பில் பாஸாகவில்லை. பேப்பர் கடைக்காரர், மிஷின் லோன் தவணை, கூலி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. வாசலில் வந்து நிற்கிறவன் என்று தண்டல்காரனுக்கு முதலில் கொடுத்தார், வங்கியை விட்டுவிட்டார். போன் அடித்தால் மையான கையோடு நம்பரை மட்டும் எட்டிப் பார்த்து, போனை ரீம் கட்டின் மேல் கவிழ்த்துவிடுவார். சிறுதொழிலுக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. அவரோ, அடுத்த ஆர்டர் போய்விடும் என்று புகார் கொடுக்கவே இல்லை. தவணை 90 நாள் நின்றதும் வங்கி அவர் கணக்கை வாராக்கடன் ஆக்கிவிட்டது.

அந்த 90 நாளுக்குள்தான் அவருக்கு வழி இருந்தது. கடன் சிக்கலாகும் அறிகுறி தெரிந்ததுமே வங்கி குழு வைத்துத் திருத்தியமைக்கப் பார்க்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு அறிவித்தது. 2016-இல் ரிசர்வ் வங்கியும் உத்தரவு போட்டது. 25 கோடி வரையிலான கடனுக்கு அது பொருந்தும். வங்கிகள் அதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தான் சிறுதொழில் என்பதற்கான ஆவணத்தைக் கடன்காரரும் முன்கூட்டியே வங்கியிடம் காட்டியிருக்க வேண்டும். நம்மவர் உத்யம் சான்றிதழை ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வங்கிக்கு அதன் நகல் போகவே இல்லை.

அப்புறம் வருவது சர்ஃபாசி நோட்டீஸ், அதாவது அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டப்படி வரும் நோட்டீஸ். அதில் 60 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொத்தைக் கைப்பற்ற வந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் என்கிற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 14448-இல் விவரம் கேட்கலாம். ஒரு தொகையைக் கட்டிக் கடனைத் தீர்க்கும் ஓ.டி.எஸ். பேசி முடிப்பவர்கள், கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும்.

மூன்றாம் பகுதி எப்போது முழுதாக அமலுக்கு வரும், அந்த 60,000, 35,000 எல்லாம் அப்படியேதான் இருக்குமா என்று நிதியமைச்சகத்திடமும் நம் ஊர் எம்.பி.க்களிடமும் தங்கள் செய்தியாளர் கேட்டு, கிடைக்கும் பதிலை வணிகப் பக்கத்திலேயே போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகர் ஒருவர்,
ராயப்பேட்டை, சென்னை-14.