பதினைந்து அல்ல, இருபது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாலிநோக்கத்தில் என் வீட்டுத் திண்ணையில் மாலை வேளைகளில் பாடம் கேட்க வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர், கல்லூரியில் விலைக்கு வாங்கிய, அசெம்பிளி மொழி (செயலியின் கட்டளைகளைச் சுருக்கப் பெயர்களால் எழுதும் நிரல்மொழி) வினா-விடைத் தொகுப்பு ஒன்றைச் சென்ற மாதம் கொண்டுவந்தனர். தரவு வரையறைகள் நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கும் என்னும் கணக்குகளில் அத்தொகுப்பு செய்துள்ள பிழைகளை, தேர்வுக்கு முன்பே மாணவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தரவுக்கு இடம் ஒதுக்கும் கட்டளைகளில் டி.பி. (DB) என்றால் உருப்படிக்கு 1 பைட், டி.டபிள்யூ. (DW) 2, டி.டி. (DD) 4, டி.கியூ. (DQ) 8, இதில் யாருக்கும் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம், அடைப்புக்குள் இருப்பதை முன்னால் உள்ள எண்ணின்படி அத்தனை முறை திரும்ப வைக்கும் டூப்பில்தான் (DUP). டி.டபிள்யூ.வுக்குப் பின் ‘5 டூப்’ என்று எழுதி, அடைப்புக்குள் ஒரு சுழியத்தையும் அதையடுத்து ‘3 டூப்’ கேள்விக்குறியையும் (மதிப்பு இடாமல் இடம் மட்டும் ஒதுக்கும் குறி) வைத்த வினாவுக்கு, அதாவது DW 5 DUP (0, 3 DUP (?)) என்பதற்கு, ஐந்தையும் மூன்றையும் பெருக்கி 15 உருப்படி, 30 பைட் என்று அத்தொகுப்பு விடை சொல்கிறது. உள் அடைப்பிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்: கேள்விக்குறி மூன்று, அதற்கு முன் நிற்கும் சுழியம் ஒன்று, ஆக நான்கு, அது ஐந்து முறை வருவதால் 20 உருப்படி, 40 பைட். கேள்விக்குறிக்கு மதிப்பே இல்லையே, அதை ஏன் எண்ண வேண்டும் என்று ஒரு மாணவர் வாதிட்டார். எங்கள் ஊர் உப்பளத்தைக் காட்டி, நீர் பாய்ச்சாத பாத்தியும் நிலத்தை அடைத்துக்கொண்டுதானே கிடக்கிறது என்றேன்.

அதே தொகுப்பு ஈ.கியூ.யூ. (EQU) வரிக்கும் 2 பைட் போட்டிருக்கிறது. அந்த வரி ஓர் எண்ணுக்குப் பெயர் சூட்டுவதோடு சரி. பெயர் வரும் இடத்திலெல்லாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளரே எண்ணை வைத்துவிடுவதால், அதற்கென ஒரு பைட்டும் ஒதுக்கப்படுவதில்லை.

பிழை முழுவதும் தொகுப்பின் தலையில் அல்ல. தரவுகள் வைக்கப்படும் நினைவகப் பகுதியான டேட்டா செக்மென்ட்டின் தொடக்கத்தில், பாம்பன் என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஆறு எழுத்தும் இறுதியில் டாலர் குறியுமாக டி.பி.யில் வைத்தால் 0 முதல் 6 வரை 7 பைட் ஆகிறது. மேற்சொன்ன 40 பைட் 7-இல் தொடங்குவதால், அடுத்த மாறியின் ஆஃப்செட் (பகுதியின் தொடக்கத்திலிருந்து அது இருக்கும் தூரம்) 47. இதை மாணவர்கள் பலர் 47 எச் என்று எழுதிவிடுகின்றனர்; ‘எச்’ என்பது பதினாறை அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் எண்ணைக் குறிக்கும், அம்முறையில் 47 என்பது 2எஃப். (பாம்பனைத் தமிழிலேயே யு.டி.எஃப்.-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் வைத்தால், கண்ணுக்கு நான்கெழுத்தாகத் தெரிவது, துணைக்காலும் புள்ளிகளும் தனிக் குறிகளாக எண்ணப்பட்டு, குறிக்கு மூன்று வீதம் 21 பைட் பிடிக்கும். நல்லவேளை, அது பாடத்திட்டத்தில் இல்லை.) ஒற்றைப்படை முகவரியில் தொடங்கும் இரண்டு பைட் மதிப்பைப் படிக்க 8086 செயலி நினைவகத்தை இருமுறை அணுக வேண்டியிருப்பதால், அடுத்து வருவதை இரட்டைப்படை முகவரிக்கு நகர்த்தும் ஈவன் (EVEN) கட்டளையை இடையில் இடுவதுண்டு. அப்போது ஒரு பைட் வெறுமனே விடப்பட்டு, அடுத்த மாறியின் ஆஃப்செட் 48, அதாவது 30 எச் ஆகும்.

தொகுப்பை வெளியிட்டவர்களுக்கு எழுதியும் பதில் வரவில்லை. ஆகவே தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இத்திருத்தங்களை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வாலிநோக்கம், இராமநாதபுரம் மாவட்டம்.