மறுபக்கம் நிற்க ஒரு ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பாதியில் பிடுங்கிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கராஜில் நீ கட்டுகிற விமானத்தின் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்கை நுனி வளைவில் துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த இடத்தில்தான் எல்லோரும் சொதப்புவார்கள். நான் செய்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இதைச் சொன்னால் உனக்குத் தலைக்கு ஏறிவிடும் என்று அம்மா தடுத்தாள். நான் படத்தை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் பழைய ஆட்களிடமெல்லாம் காட்டிவிட்டேன். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

எங்கள் புஷ்பக் விமானத்துக்கெல்லாம் பருத்தித் துணிதான். 1958ல் பெங்களூரில் முதலில் பறந்த விமானம் அது, உனக்குத் தெரியும். பருத்தி தானாக இறுகாது. டோப் என்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு அடித்தால்தான் இறுகும். நவம்பர் மாதம் மீனம்பாக்கத்தில் டோப் அடித்துப் பார்க்க வேண்டும்! காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் அதில் இறங்கி, காய்வதற்குள் தேமல் மாதிரி வெளுத்துப் போகும். வெயில் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்போம். உன் பாலியஸ்டருக்கு அந்தத் தொல்லை இல்லை, இஸ்திரிப் பெட்டியே போதும். ஆனால் பெட்டியின் சூட்டுத் திருகில் போட்டிருக்கும் அளவை நம்பாதே. முதல் சுற்றுக்கு 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசிச் சுற்றுக்கு 350, இரண்டையும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள். 350ஐத் தாண்டினால் துணி தளர ஆரம்பித்துவிடும், அப்புறம் எத்தனை முறை தேய்த்தாலும் பழைய இறுக்கம் வராது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்கிறேன்.

ஹீட்டர் விஷயமும் சொல்ல வேண்டும். விஸ்கான்சின் குளிரில் கராஜைச் சூடாக்காமல் வேலை நடக்காது, சரி. ஆனால் பசை ஒட்டும்போதும் பூச்சு அடிக்கும்போதும் ஹீட்டரை அணைத்துவிடு. அவற்றில் இருக்கும் எம்.இ.கே. என்கிற கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போய் எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே சேரும். கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஒரு படம். இறக்கையை ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறாய். இந்தப் பக்கம் நூல்கண்டும் நீள ஊசியும் இருக்கின்றன. அந்தப் பக்கம் ஸ்டூல்மேல் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறாய். உங்கள் குளியலறைக் கண்ணாடிதானே? மரச்சட்டத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் வந்தபோது பார்த்ததுதான். அது எதற்கு அங்கே நிற்கிறது என்று எனக்குப் புரியாதா?

ரிப் தையல், அதாவது இறக்கைக்குள் இருக்கும் விலா எலும்பு மாதிரிச் சட்டங்களோடு துணியைச் சேர்த்துத் தைப்பது, இரண்டு பேர் வேலை பாப்பா. இந்தப் பக்கத்திலிருந்து குத்தினால் அந்தப் பக்கம் ஒருவர் ஊசியை வாங்க வேண்டும். ரிப்பின் இந்த ஓரமாக வந்ததை அந்த ஓரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடிச்சை நீ போடுவாய், நூலை இழுத்துப் பிடிப்பது அவர். கண்ணாடியைப் பார்த்துக் குத்திவிட்டு இறக்கையைச் சுற்றி ஓடி வந்து ஊசியை நீயே உருவுகிறாய் என்றால், நீ வருவதற்குள் நூல் தளர்ந்துவிடும். பறக்கும்போது இறக்கையின் மேல்துணியைக் காற்று மேலே உறிஞ்சி இழுக்கும். அதை ரிப்போடு பிடித்து வைத்திருப்பது அந்த முடிச்சுகள்தான். புரொப்பெல்லர் காற்று அடிக்கிற இடத்தில் தையலை நெருக்கமாகப் போடச் சொல்வதும் அதற்காகத்தான். ஒன்று விட்டால் பக்கத்து முடிச்சுக்குப் பாரம் ஏறும், அதுவும் விடும்.

நானும் உன் பெரியப்பாவும் பம்மல் மனை விஷயத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் பேசிக்கொண்டதில்லை, நீயே பார்த்திருக்கிறாய். தீபாவளிக்குக்கூட அவர் வாசலை நான் மிதிக்கவில்லை. ஆனால் ஹாங்கரில் இறக்கைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். துணிக்கு மேல் விரலால் ஒரு தட்டு தட்டினால் ஊசி வருகிறது என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் நூலை இழு. ஒரு வார்த்தை கிடையாது. அப்படியே எத்தனையோ இறக்கை தைத்திருக்கிறோம், ஒரு முடிச்சு விட்டதில்லை. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் ஊசியை வாங்கிக்கொள்ளலாம். அதற்குமேல் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொன்னாய். சரி. பொங்கலுக்கும் அவர் லைனில் வரவில்லை, நைட் ஷிப்ட் என்றாய், அதுவும் சரி. அவருடைய கார் நிற்கும் இடத்தில் இப்போது இடது இறக்கை நிற்கிறது. அப்படியென்றால் கார் வெளியே பனியில் நிற்கிறதா? அந்தக் குளிரில் பேட்டரி போய்விடும் என்று அவரிடம் சொல்.

பாதிக்கு மேல் நம் கையால் செய்தால்தான் அங்கே லைசென்ஸ் கொடுப்பார்கள் என்றாய். பாதிக்கு மேல் அமெச்சூர் ஆட்கள் செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம், ஒருத்தியே செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. முதல் 40 மணி நேரம் பயணி யாரையும் ஏற்றக் கூடாது என்கிறாய், அது பறக்கும்போது. பைப்பர் கப் என்ற இரண்டு சீட் விமானம் மாதிரி ஒன்றில் தனியாகப் போனால் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், முன் சீட் காலியாகத்தான் இருக்கும், அதெல்லாம் சரி. கட்டும்போதே தனியாகக் கட்டு என்று யார் சொன்னது?

உனக்குப் பிடிவாதம் அதிகம். பிளஸ் டூ முடித்ததும் ஃப்ளையிங் கிளப்பில் சேர்த்துவிடு என்று நீ அழுதபோது முடியாது என்றேன். என் சம்பளத்துக்கு அது கட்டாது, அன்று சொன்னது சொன்னதுதான். இன்று உன் சம்பளத்தில் நீயே விமானம் கட்டுகிறாய். எங்கள் வம்சத்தில் விமானத்தைத் தொட்டவர்கள் உண்டு, சொந்தமாக வைத்துக்கொண்டவர்கள் கிடையாது. ஆனால் ஒன்று, யாரிடமும் உதவி கேட்காமல் இருப்பது சாமர்த்தியம் இல்லை. அந்தப் பழக்கம் உனக்கு உன் அத்தையிடமிருந்து வந்தது, அவள் கதை உனக்குத் தெரியும்.

வலது இறக்கையைத் துணியால் மூடுவதற்கு முன், சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கான அந்த ஓஷ்கோஷ் சங்கத்தின் டெக்னிக்கல் கவுன்சிலர் யாரையாவது கூப்பிட்டுக் காட்டு. காசு வாங்க மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். மூடிய பிறகு இன்ஸ்பெக்ஷன் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்ப்பதெல்லாம் பார்ப்பதாகாது. அவர் வரும்போது, மறுபக்கம் நிற்க உள்ளூரில் யாராவது கிடைப்பார்களா என்றும் கேள்.

கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். விசா இன்னும் செல்லும், நேற்றுதான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். டிக்கெட்டுக்கு நீ பணம் அனுப்பாதே, டெபாசிட் ஒன்று முடிகிறது. அம்மாவும் வருவேன் என்கிறாள். அவள் வந்தால் இறங்கிய அன்றே எல்லாவற்றையும் கேட்பாள். நான் மட்டும் வந்தால் கேட்க மாட்டேன், தையல் வேலையைப் பார்ப்பேன், சாம்பார் வைப்பேன். இரண்டில் எது உனக்குத் தோது என்று யோசித்து எழுது, அதன்படி டிக்கெட் போடுகிறேன். அம்மாவுக்கு வேறு காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அதுவரை வலது இறக்கைத் தையலில் கை வைக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பசை டப்பாவைத் திறக்கும்போது ஹீட்டர். மறக்காதே.