எல்லையில் துப்பாக்கி ஓய்ந்திருந்த வருடங்களை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பலமாக அடித்தால்தான் பாகிஸ்தான் பேச வரும், அப்போதுதான் நிரந்தர அமைதி கிடைக்கும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா போனவர்களைத் தீவிரவாதிகள் குடும்பத்தார் கண்ணெதிரே சுட்டுக் கொன்றபோது யாருக்குத்தான் கோபம் வராது, எனக்கும் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். அதற்காக, அடியைக் கூட்டிக்கொண்டே போனால் அமைதி வந்துவிடும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

1973 போருக்கு அப்புறம்தானே எகிப்தும் இஸ்ரேலும் சமாதானமாயின என்று கேட்கிறார் கட்டுரையாளர். சரி. ஆனால் 1977-ல் எகிப்து அதிபர் சதாத் ஜெருசலேமுக்கே போய் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் பேசியதையும், 1979 ஒப்பந்தப்படி இஸ்ரேல் தான் பிடித்து வைத்திருந்த சினாய் பகுதியை எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்ததையும் அவர் ஏன் விட்டுவிட்டார்? ஈரானும் ஈராக்கும் எட்டு வருடம் அடித்துக்கொண்டு, லட்சக்கணக்கானவர்கள் செத்து, 1988-ல் கிட்டத்தட்ட பழைய எல்லையிலேயே வந்து நின்றன.

நம் கதைக்கு வருகிறேன். 1999 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போய், சமாதான அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். சில மாதங்களில் கார்கில் போர். மலை உச்சிகளில் ஆள் ஏற்றியதால் பாகிஸ்தான் ராணுவத்துக்கு ஒரு அடி நிலம்கூட மிஞ்சவில்லை, லாகூரில் போட்ட கையெழுத்துக்கும் மதிப்பில்லாமல் போனது.

2003 நவம்பரில், காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தம் வந்தது. ஊடுருவலைத் தடுக்க நாம் போட்ட வேலி இருக்கிறதே, குண்டு விழுந்துகொண்டிருந்தவரை அந்த வேலை இழுத்துக்கொண்டே போனது, துப்பாக்கி ஓய்ந்த பிறகுதான் 2004-ல் முடித்தார்கள். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. 2005-ல் ஸ்ரீநகருக்கும், பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் முசாஃபராபாத்துக்கும் பஸ் ஓடியது.

அப்புறம் எல்லாம் கெட்டது. 2020-ல் மட்டும் 5,000-க்கு மேற்பட்ட போர்நிறுத்த அத்துமீறல்கள் என்று நம் அரசே சொன்னது. 2021 பிப்ரவரியில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகள் ஹாட்லைன் என்ற நேரடித் தொலைபேசியில் பேசி, பழைய போர்நிறுத்த ஒப்பந்தத்தை மதிப்போம் என்று ஒரு கூட்டறிக்கை விட்டார்கள், எல்லைக் கோட்டில் சண்டை அடங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ள விவசாயிகள், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு கேட் வழியாகப் போய்ப் பயமில்லாமல் உழ முடிந்தது அந்த வருடங்களில்தான். எந்தத் தாக்குதலாவது அவர்களுக்கு இதைக் கொடுத்ததா?

பஹல்காமுக்கு நாம் பதிலடி கொடுத்த 2025 மே மாதம், ஜம்மு காஷ்மீரில் எல்லையோரம் இருக்கும் பூஞ்ச் நகரத்துக்குள்ளேயே பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகள் விழுந்து, வீட்டில் இருந்தவர்கள், குழந்தைகள் உட்பட, செத்துப்போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கமும் சாதாரண ஜனங்கள்தான் செத்தார்கள். மே 10-ஆம் தேதி மதியம் 3.35-க்கு பாகிஸ்தான் ராணுவ அதிகாரியிடமிருந்து வந்த ஒரு ஃபோனில் சண்டை நின்றது. இன்னும் நாலு நாள் முன்னால் அந்த ஃபோன் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

தீவிரவாதிகளை விட்டுவிடச் சொல்லவில்லை, பிடிக்கட்டும், தண்டிக்கட்டும், எல்லையை இன்னும் கெட்டியாகக் காக்கட்டும். ஆனால் 65, 71, 99 என்று மூன்று போர்களையும் தாண்டி நின்ற சிந்து நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் இன்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, விசாவும் ரத்து. நாளைக்கு யாராவது பேச நினைத்தால் எந்த வழியாக வருவார்கள்?

ஓய்வுபெற்ற தளபதிகளின் கட்டுரையை நிறைய போடுகிறீர்கள். அடுத்த இதழில் பூஞ்சிலோ ஊரியிலோ பதுங்குகுழியில் படுத்து எழுந்த ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டு, அவர் சொல்வதை அதே அளவு பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்